மாசம் நிறையுமுன்னே வலி எடுத்தால்

"சூட்டு வலியாத்தான் இருக்கும்ளா, சீரகத் தண்ணியக் குடிச்சிட்டுப் படு. விடியட்டும், பாப்போம்." பிரசவ வார்டில் நர்ஸாக வேலை பார்க்கிற நான், குறைமாச வலியோடு காலையில் வந்து சேரும் பிள்ளைகளின் வாயிலிருந்து அதிகம் கேட்டது இதைத்தான். ராத்திரி பத்து மணிக்கே வலி தொடங்கியிருக்கும். வரும்போது கர்ப்பவாய் பாதிக்கு மேல் திறந்திருக்கும்.

37 வாரம் முடியுமுன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வயிறு கல்லாக இறுகி விட்டால், இடுப்பு விட்டு விட்டு வலித்தால், அடிவயிறு கீழே அழுத்தினால் உடனே கிளம்புங்கள். தண்ணீர் கசிந்தாலோ ரத்தம் பட்டாலோ எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகிவிடும் போலிருந்தால், குழந்தையின் நுரையீரல் பக்குவப்பட அம்மாவுக்கு டெக்ஸாமெத்தசோன் ஊசி போடுவோம். 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி. அதன் முழுப் பலன் கிடைக்க நேரம் வேண்டும். வயிறு இறுகுவதைக் குறைக்கக் கொடுக்கும் மாத்திரையும் பிரசவத்தை மாசக் கணக்கில் தள்ளிவைக்காது. ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போனாலே எங்களுக்குப் பெரிய விஷயம். பாபநாசம், களக்காடு பக்கத்திலிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் இருக்கும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவே ஒரு மணி நேரம் போய்விடும். பிறந்த பிறகு சிசுவைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவதைவிட, வயிற்றுக்குள் இருக்கும்போதே தாயைக் கொண்டுவந்து சேர்ப்பது எவ்வளவோ மேல். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் ஊசியைப் போட்டு அனுப்பவும் வழி உண்டு.

இன்னொரு தொல்லை, ஸ்கேனும் செக்கப் சீட்டும் வைத்திருக்கும் ஃபைல். ஏழாம் மாசம் வளைகாப்பு முடிந்து பெண் அம்மா வீட்டுக்கு வந்திருப்பாள். ஃபைல் மாமியார் வீட்டு பீரோவில் கிடக்கும். கையில் இருப்பது கடைசி ஸ்கேன் மட்டும். எத்தனை வாரம் என்று துல்லியமாகச் சொல்வது முதல் மூணு மாசத்துக்குள் எடுத்த ஸ்கேன்தான். 33 வாரமா 35 வாரமா என்பதை வைத்துத்தான் ஊசி போடுவதா வேண்டாமா என்றே முடிவாகும். வளையலோடு சேர்த்து அந்த ஃபைலையும் கொடுத்தனுப்புங்கள்.

அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணைக்கு இருக்கலாம். பெத்த அம்மாதான் இருக்கணும் என்று எல்லா வீட்டிலும் அடம்பிடிப்பார்கள். என் அனுபவத்தில் பல அம்மாக்கள் மகளைவிட அதிகமாக அழுவார்கள். பதறாத ஒரு மைனியோ சித்தியோ போதும். ஒருமுறை வந்திருந்த மைனி, வலி ஏறும்போதெல்லாம் உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் இடுப்பெலும்பை அழுத்திப் பிடித்துக்கொண்டார். இறங்கியதும், "இது போயிட்டு, அடுத்தது வாறதுக்குள்ள ஒரு மடக்கு குடி" என்று டம்ளரை நீட்டினார். ஒண்ணுக்குப் போக ஞாபகப்படுத்தினார். நாங்கள் சொல்லுமுன் "முக்குளா, முக்கு" என்று ஒரு தடவைகூடக் கத்தவில்லை. இப்படி ஒருவர் விடாமல் கூட இருந்தால் வலி நேரம் குறையும், சிசேரியனும் குறையும் என்று ஆராய்ச்சிகளே சொல்கின்றன.

அறைக்குள் பேசக்கூடாத பேச்சும் உண்டு. "ஏழாம் மாசப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது" என்பார்கள். சுத்தப் பொய். வயிற்றுக்குள் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். "குடம் தூக்கினியா, பஸ்ஸுல போனியா?" என்ற விசாரணையும் வேண்டாம். சிறுநீரில் கிருமி, ரத்தக்கொதிப்பு, இரட்டைக் குழந்தை என்று காரணம் பல. எதுவுமே தெரியாமல் வருவதும் நிறைய. பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கணக்கு முடியட்டும் என்று ஒண்ணுக்குப் போகக்கூட எந்திரிக்காமலே இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்று சொல்வேன்: சிறுநீர் கடுத்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கு மருந்து உண்டு.

குறைமாசக் குழந்தை ஓங்கி அழாமல் இருக்கலாம். அதைச் சட்டென்று வார்மருக்கு, அதாவது உடம்புச் சூடு குறையாமல் வைக்கும் தொட்டிலுக்கு, கொண்டுபோவோம். உடனே மொத்தக் குடும்பமும் அதன் பின்னால் ஓடிவிடும், பெத்தவள் கட்டிலில் தனியாகக் கிடப்பாள். ஒருத்தர் குழந்தையோடு போங்கள், ஒருத்தர் அவள் பக்கத்திலேயே நில்லுங்கள். அவள் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும்.

முதல் சில மணி நேரத்துக்குள்ளேயே சீம்பாலைக் கையால் பீய்ச்சத் தொடங்க வேண்டும், அப்புறம் ரெண்டு மூணு மணிக்கு ஒரு தடவை, ராத்திரியும்தான். முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். "பால் இல்ல" என்று யாரும் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொட்டுகளே பாலாடையிலோ டியூபிலோ குழந்தைக்குப் போகும். சேனை தொட்டு வைக்க ஆச்சி சீனித்தண்ணியோடு வந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள்.

டாக்டர் சொன்னதும் குழந்தையை வெறும் நெஞ்சில் அணைத்து வைக்கும் கங்காரு முறையைத் தொடங்கிவிடலாம். ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அம்மா குளிக்க, சாப்பிட, தூங்கப் போகும்போது அப்பா வைத்துக்கொள்ளலாம். சட்டையைக் கழற்ற வெட்கப்படும் தகப்பன்மார் எங்களிடம் திரை கேளுங்கள், இழுத்துவிடுகிறோம்.