சுவானோமா: நரம்புறைக் கட்டி

நாகர்கோவிலில் எம்.ஆர்.ஐ. எடுத்தவரின் ரிப்போர்ட்டில் 'வெஸ்டிபுலர் சுவானோமா' என்று இருந்தால், வீட்டில் முதலில் வரும் கேள்வி 'கேன்சரா?' என்பதுதான். இல்லை, புற்று அல்ல.

சுவான் என்பது ஆள் பெயர். ஜெர்மன் உடலியலாளர் தியோடர் சுவான் (1810–1882), நரம்பிழையைச் சுற்றி உறையாகப் படியும் செல்களை விவரித்தவர். 'ஓமா' கிரேக்க விகுதி, கட்டியைக் குறிக்கும். தமிழில் 'நரம்புறைக் கட்டி' என்றால் பொருள் அப்படியே வந்துவிடும். கட்டிக்குக் 'கழலை' நல்ல பழஞ்சொல்தான். ஆனால் பாடப்புத்தகத்து முன்கழுத்துக் கழலை அதைக் கழுத்தோடு கட்டிப்போட்டுவிட்டது.

பழைய பெயர் 'அகூஸ்டிக் நியூரோமா', அதாவது காது கேட்கும் நரம்பின் கட்டி. அதில் இரண்டு பிசகு. கட்டி கிளம்புவது பெரும்பாலும் கேள்வி நரம்பில் அல்ல, கூடவே ஓடும் சமநிலை (வெஸ்டிபுலர்) நரம்பில். அதுவும் நரம்புச் செல்லில் அல்ல, உறையில். ஆனாலும் ஆள் டாக்டரிடம் போவது காதுக்காகத்தான். இரண்டு நரம்பும் ஒரே குறுகிய எலும்புக் குழாய் வழியே போவதால் கேள்வி நரம்பும் நெரிபடுகிறது. ஒரு காதில் மட்டும் இரைச்சல். சத்தம் கேட்கும், பேச்சு பிடிபடாது. போனை மறு காதுக்கு மாற்றிக்கொள்வார். காதில் அழுக்கு என்று எண்ணெய் விட்டே மாதங்கள் போய்விடும். நம் பக்கம் கிறக்கம் என்கிற தலைசுற்றல் பலருக்கும் பெரிதாகத் தெரியாது. கட்டி மெல்ல வளர்வதால் மூளை பழகிக்கொள்கிறது.

கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியோகிராமில் இரு காதுக்கும் வித்தியாசம் தெரிந்தால், அடுத்தது கட்டியைத் தெளிவாகக் காட்டும் கடோலினியம் ஊசி போட்டு எடுக்கும் எம்.ஆர்.ஐ. கட்டி எலும்புக் குழாய்க்குள் ஒடுங்கி, வெளியே உருண்டு, கோன் ஐஸ்கிரீம் போலத் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். அதே இடத்தில் வரும் மெனிஞ்சியோமா என்ற வேறு கட்டி மூளையுறையில் அகலமாக ஒட்டி உட்கார்ந்திருக்கும். அறுவை செய்தெடுத்த திசுவில் எஸ்-100 என்ற புரதம் சாயமேறித் தெரிந்தால் சுவானோமா என்பது வலுப்படும். இரண்டு பக்கமும் இருந்தால் என்.எஃப்.2 என்ற மரபணுக் கோளாறைத் தேட வேண்டும்.

மற்ற மண்டை நரம்புகளில் இது அரிது. முக்கிளை நரம்பில் வந்தால் முகம் மரத்துப்போகும். பார்வை நரம்பில் வராது என்றே சொல்லலாம். அங்கே உறை போடுவது வேறு செல்.

அப்புறம், 'பினைன்' என்பதற்குச் 'சாதாரணக் கட்டி' என்று சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'புற்றல்லாத கட்டி' என்பதே சரி. சிறியதென்றால் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்துவந்தாலே போதும். பெரிதானால் மூளைத்தண்டை அழுத்தும், அதைச் சாதாரணம் என்று எப்படிச் சொல்வது?