மெட்டலோடென்ட்ரிமர்: சொல் விளக்கம்

உலோக அணுக்களையோ அயனிகளையோ தன்னுள் பிணைத்துக்கொண்ட டென்ட்ரிமர்தான் மெட்டலோடென்ட்ரிமர். டென்ட்ரிமர் என்பது மரம்போல் கிளைவிட்ட பெரிய மூலக்கூறு. கிரேக்கத்தில் 'டென்ட்ரான்' என்றால் மரம், 'மெரோஸ்' என்றால் பகுதி. 1978இல் ஜெர்மனியில் வேதியியலாளர் ஃபோக்ட்லே இப்படிக் கிளைவிட்ட மூலக்கூறுகளை முதலில் உருவாக்கியபோது வைத்த பெயர் வேறு. 1985இல் வேதியியலாளர் நியூகோம் லத்தீன் 'அர்போர்' (மரம்) வழியாக 'அர்போரால்' என்றார். ஆனால் இன்னொரு வேதியியலாளரான டொமாலியா வைத்த 'டென்ட்ரிமர்' நிலைத்துவிட்டது.

சாதாரணக் கிளைப் பலபடியில் (பாலிமரில்) கிளை எங்கே முளைக்கும் என்று சொல்ல முடியாது. டென்ட்ரிமரில் அப்படி இல்லை. நடுக்கருவிலிருந்து அடுக்கடுக்காக, ஒவ்வொரு அடுக்கிலும் கிளைகள் பெருகும். அடுக்குக்குத் 'தலைமுறை' என்று பெயர். நான்கு கிளைகளுடன் தொடங்கும் பாமாம் (PAMAM) என்ற டென்ட்ரிமர் வகையில், தலைமுறையைப் பூஜ்யத்திலிருந்து எண்ணினால், கிளை முனைகள் 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய், நான்காம் தலைமுறையில் 64 ஆகின்றன. மருந்தாக இது கவனம் பெறக் காரணமே இந்த முனைகள்தான்.

ஹெர்ப்பிஸ் போன்ற பல வைரஸ்கள் செல்லின் மேலுள்ள ஹெப்பரான் சல்ஃபேட்டைப் பற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைகின்றன. அது எதிர்மின்சுமை கொண்ட சர்க்கரைச் சங்கிலி. சரி, அதேபோல் எதிர்மின்சுமையுள்ள முனைகளை டென்ட்ரிமரில் நிறைத்தால்? வைரஸ் செல்லுக்குப் பதில் அதைப் பற்றிக்கொள்ளும். ஒரு பிடி தளர்ந்தாலும் மற்றவை விடாது. ஆஸ்திரேலியாவில் உருவான அஸ்டோட்ரிமர் என்ற டென்ட்ரிமர் மருந்து இந்த வழியில் வந்தது. அதில் உலோகம் கிடையாது.

உலோகத்தைக் கருவிலும் வைக்கலாம், கிளைகளிலும் வைக்கலாம், முனையிலும் வைக்கலாம். தாமிரம், நிக்கல், கோபால்ட், துத்தநாகம் ஏற்றிய கார்போசிலேன் (கார்பன்-சிலிக்கான் சட்டகம் கொண்ட) டென்ட்ரிமர்களை ஸ்பெயின் ஆய்வாளர்கள் எச்ஐவிக்கு எதிராக ஆய்வகத்தில் சோதித்திருக்கிறார்கள். உலோகம் சேர்ந்தால் மூலக்கூறின் வடிவமும் மின்சுமையும் மாறும், செயலும் மாறும். ஆனால் பிணைப்பிலிருந்து கழன்ற தாமிரம் செல்லுக்கே நஞ்சாகலாம். வைரஸைத் தடுக்கும் அளவுக்கும் செல்லைக் கொல்லும் அளவுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அப்புறம், தமிழில் எப்படிச் சொல்வது? 'மரப்படி' என்றால் ஏறும் படி நினைவுக்கு வரும். 'மரப்பலபடி' மரத்திலிருந்து எடுத்த செல்லுலோஸ் போலத் தொனிக்கும். 'கிளைப் பலபடி' வேறொன்றின் பெயர். 'உலோக மரம்' அடியோடு பொருள் மாறிவிடும். டென்ட்ரிமருக்கு 'மரவடிவப் பலபடி', மெட்டலோடென்ட்ரிமருக்கு 'உலோகமேந்து மரவடிவப் பலபடி' என்பதே என் தேர்வு. நீளம்தான், முதல் முறை முழுதாக எழுதிவிட்டு, பிறகு 'உலோகமேந்தி' என்று சுருக்கிக்கொள்ளலாம்.