வூஃபர் பெட்டிக்கு எந்தப் பலகை?

காரின் டிக்கியில் வைக்கும் சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிகளை எழுப்பும் ஸ்பீக்கர்) பெட்டிக்குப் பலகை வாங்கப் போகிறவர், நல்ல மரத்தில் செய்தால் நல்ல ஒலி வரும் என்ற நம்பிக்கையை முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும். வீணைக்குப் பலாமரம் தேடுவது, தந்தியோடு மரமும் சேர்ந்து அதிர வேண்டும் என்பதற்காக. வூஃபர் பெட்டியில், முன்னும் பின்னும் அசைந்து ஒலி எழுப்பும் ஸ்பீக்கர் கூம்பு மட்டுமே அசைய வேண்டும். பெட்டி இம்மியும் அசையக் கூடாது.

பெட்டி தாங்க வேண்டிய விசையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வெளியளவு 45 × 35 × 30 செ.மீ. உள்ள, 18 மி.மீ. பலகையால் செய்த மூடிய பெட்டிக்குள் ஏறத்தாழ 34 லிட்டர் காற்று இருக்கும். 12 அங்குல வூஃபரின் கூம்பு ஒரு சென்டிமீட்டர் உள்ளே போனால் சுமார் அரை லிட்டர் காற்றின் இடம் பறிபோகிறது; உள்ளழுத்தம் ஏறக்குறைய 2 சதவீதம் உயர்கிறது. அற்பமாகத் தோன்றும் இந்த 2 சதவீதம், பின்பலகையின் முழுப் பரப்பிலும் சேரும்போது 27 கிலோ எடையை அதன் மீது ஏற்றியதற்குச் சமமாகிறது. கூம்பு வெளியே வரும்போது அதே அளவு விசை பலகையை உள்நோக்கி இழுக்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியில் இந்தத் தள்ளலும் இழுப்பும் நொடிக்கு 40 முறை மாறி மாறி நடக்கின்றன. பலகை மெலிந்ததாக இருந்தால், கூம்பு உள்ளே போகும் அதே நேரத்தில் அது வெளியே பிதுங்கும். ஒன்று எழுப்பும் ஒலியலையை மற்றது ஓரளவு அழித்துவிடும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது விறைப்பு. பலகையின் வளையாத தன்மை அதன் தடிமனின் முப்படிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்ப உயர்வதால், 12 மி.மீ.க்குப் பதிலாக 18 மி.மீ. எடுத்தாலே விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. அதைவிட மலிவான வழி உள்ளே ஒரு குறுக்குச் சட்டம் வைப்பது. நீண்ட பலகைக் கீற்று ஒன்றில் தாங்கலில்லாத தூரம் பாதியானால், அதே அழுத்தத்தில் அதன் வளைவு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். பெட்டியின் பலகையை நான்கு ஓரங்களும் ஏற்கெனவே பிடித்திருப்பதால் பலன் அந்த அளவுக்கு வராது. ஆனாலும் 25 மி.மீ. பலகை வாங்கி எடையைக் கூட்டுவதைவிட, 18 மி.மீ. பலகையில் சட்டம் வைப்பதே புத்திசாலித்தனம்.

மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகைக்கு இத்துறையில் பெரும் பெயர் உண்டு. அதன் அடர்த்தி எங்கும் ஏறக்குறைய ஒரே சீராக இருப்பதால் வெட்டினால் சிம்பு எழாது. வூஃபருக்கான வட்டத் துளை விளிம்பு சுத்தமாக வரும். அதிர்வை விரைவில் அடக்கிவிடும் என்ற புகழ் மட்டும் வீட்டு ஸ்பீக்கர்களிடமிருந்து வந்தது. நாம் எடுத்துக்கொண்ட பெட்டியில் 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகையின் இயல்பு அதிர்வெண் (பலகை தானாகவே எளிதில் அதிரும் அதிர்வெண்) 300 ஹெர்ட்ஸை ஒட்டியோ அதற்கு மேலோதான் இருக்கும். சப்வூஃபருக்குப் பொதுவாக 100 ஹெர்ட்ஸுக்கு மேல் வேலையே இல்லை. அதனால் காரில் அந்தக் குணத்தால் பெரிய ஆதாயம் கிடைப்பதில்லை, அதன் குறையோ நன்றாகவே தெரியும். வெட்டிய ஓரம் பஞ்சு போல ஈரத்தை இழுத்து உப்பும். ஓரத்தில் முன்துளையிடாமல் ஸ்க்ரூ ஏற்றினால் பலகை பிளக்கும். சென்னை போன்ற கடலோர ஊரில் மழைக்காலத்தில் டிக்கிக்குள் நீர் கசியும் காரென்றால், ஓரங்களுக்கு சீலர் பூசாத எம்.டி.எஃப். பெட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பார்டிகிள் போர்டு இதைவிடப் பலவீனமானது. அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

நல்ல பிளைவுட்டின் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால், அது எம்.டி.எஃப்.ஐவிட எடை குறைவாகவும் விறைப்பு அதிகமாகவும் இருக்கும். பர்ச் மரப் பிளைவுட்டின் விறைப்பு ஏறத்தாழ இரு மடங்கு. நம் ஊர் மரக்கடையில் கேட்க வேண்டியது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் ஒட்டு விடாமல் இருக்க வேண்டும் என்பது அந்தத் தரத்துக்கான சோதனை. வாங்குமுன் வெட்டிய ஓரத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். உள்ளடுக்குகளுக்கு நடுவே கறுப்பாகச் சந்து தெரிந்தாலோ, விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போகையில் ஓரிடத்தில் மட்டும் ஓசை பொள்ளென்று மாறினாலோ, அந்தப் பலகை பின்னாளில் இரையும்.

ஸ்டெப்னி வைக்கும் குழிக்குள் பெட்டியைப் பொருத்த நினைப்பவர்கள் ஃபைபர் கிளாஸை நாடுவார்கள். அங்கே அது பொருத்தமானதே, ஏனெனில் வளைந்த ஓட்டுக்கு வடிவத்தாலேயே விறைப்பு கிடைத்துவிடுகிறது. தட்டையான பரப்பில் அதே ஃபைபர் கிளாஸ் பலகையிடம் தோற்கும்.

மூட்டுகளில் மர ஒட்டுப் பசைதான் உண்மையான பிடிப்பைத் தருகிறது. பசை காயும்வரை இறுக்கிப் பிடிப்பதே ஸ்க்ரூவின் முக்கிய வேலை. உள்மூலைகளில் சிலிக்கான் பூசினால், காடி வாடை முற்றிலும் போன பிறகே வூஃபரை மாட்ட வேண்டும், ஏனெனில் அந்த ஆவி செம்புக் கம்பியை அரிக்கும். மாட்டியபின், மூடிய பெட்டியாக இருந்தால், இரு உள்ளங்கைகளால் கூம்பைச் சீராக அழுத்திச் சில நொடிகள் பிடித்திருந்துவிட்டு விட வேண்டும். பிடித்திருக்கும்போதே எதிர்விசை மளமளவென்று தளர்ந்தால், ஏதோ ஒரு மூட்டிலோ வயர் முனையத்தின் ஓரத்திலோ காற்று போகிறது என்று பொருள்.