எந்த மந்தாரை?

கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அந்த மரம் தானாக முளைத்தது. வீட்டில் யாரும் நடவில்லை. நாலு வருஷம் வெறும் இலையாக நின்றுவிட்டுப் போன ஐப்பசியில் ஊதா கலந்த இளஞ்சிவப்பில் பூத்தது. இலை மாட்டுக் குளம்பு மாதிரி நுனியில் பிளந்திருந்ததால் மந்தாரை என்பதில் சந்தேகமில்லை. எந்த மந்தாரை என்பதுதான் கேள்வி. செல்போன் செயலி காலையில் ஒரு பெயர் சொன்னது, சாயங்காலம் வேறொன்று.

செயலியைத் திட்டிப் பயனில்லை. அது படத்தைத்தான் பார்க்கிறது. மந்தாரையில் நிறத்தை நம்பக் கூடாது. நிறமி உண்டாக்கும் மரபணு ஒன்று பழுதானாலே பூ வெளுத்துவிடும். மகரந்தத் தாள்களின் எண்ணிக்கை அப்படியல்ல. மொட்டு கடுகளவு இருக்கும்போதே அது முடிவாகிவிடும்.

ஒரு பூவைப் பறித்து இதழ்களைப் பிய்த்தேன். ஐந்து இதழ், ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒல்லியாக. நடுவில் குட்டி அவரைக்காய் போலப் பச்சையாக வளைந்திருப்பது சூலகம். அதைச் சுற்றி நீளமான தாள்கள், நுனியில் மகரந்தப் பையோடு: மூன்று. அடியில் மயிரிழை போல இன்னும் சில உண்டு. அவை பை இல்லாத மலட்டுத் தாள்கள், எண்ணக் கூடாது. முதல் தடவை நான் எண்ணிவிட்டுக் குழம்பினேன். எப்போதாவது ஒரு பூவில் நாலு இருக்கும், அதனால் நாலைந்து பூவைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

மூன்று என்றால் பாஹினியா பர்பூரியா. ஐந்து என்றால் பாஹினியா வேரியகேட்டா. அதன் இதழ்கள் அகலமாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும், மாசி பங்குனியில் இலை உதிர்ந்த கிளையில் பூக்கும். பத்துத் தாளோடு பூ வெள்ளையாக இருந்தால் வெள்ளை மந்தாரை, மஞ்சளாக இருந்தால் திருவாத்தி. பாஹினியா என்பதே பாஹின் என்ற தாவரவியல் சகோதரர்கள் இருவரின் பெயர். இலையின் இரண்டு மடல்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இன்னொரு சந்தேகம் இருந்தது. ஹாங்காங் கொடியில் இருக்கும் மந்தாரை, மூன்று தாள் இனமும் ஐந்து தாள் இனமும் கலந்து பிறந்தது. அது காய்க்காது, பதியன், ஒட்டு என்று மனிதர் கையால்தான் பெருகும். எங்கள் மரம் தை மாதம் சாணளவு தட்டைக் காய்களைத் தொங்கவிட்டு அந்தச் சந்தேகத்தையும் தீர்த்தது.

பங்குனி வெயிலில் காய்கள் வெடிக்கத் தொடங்கின. காயின் இரண்டு ஓடுகளும் காயக்காய எதிரெதிராக முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். ஓரத்து ஒட்டு அதைத் தடுத்துப் பிடித்திருக்கும். ஒட்டு விட்டதும் 'பட்'டென்று பிளந்து, காசு போன்ற விதைகளைப் பல மீட்டர் தூரம் வீசிவிடும். ஒன்று தகரக் கூரையில் விழுந்த சத்தத்துக்கு, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாட்டி எட்டிப் பார்த்தார்.

"எங்க வீட்லயும் நின்னுதுப்பா இந்த மரம். கார் ஷெட்டு போட வெட்டிட்டாங்க. மத்தியானம் கண்ணசர விடாது."