நாக்கிங் என்பது தட்டல், வெடிப்பு அல்ல

கார் பழுது பற்றிய தமிழ்க் காணொளிகளிலும் மொழிபெயர்த்த கையேடுகளிலும் இன்ஜினில் கேட்கும் தட்டல் சத்தமான நாக்கிங் (knocking) என்ற சொல்லுக்கு "எந்திர வெடிப்பு" என்று போடுகிறார்கள். முதலில் கண்டுகொள்ளாமல் விட்டேன். பிறகு என் உறவினர் ஒருவர், தன் காரில் கேட்ட டொக் டொக் சத்தத்துக்கு அப்படி ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, "எந்திர வெடிப்புதான், ஆக்டேன் கூடின பெட்ரோல் போட்டால் போய்விடும்" என்று வாரக்கணக்கில் விலை கூடிய பெட்ரோலாகப் போட்டு ஓட்டினார். (ஆக்டேன் என்பது நாக்கிங் வராமல் தாங்கும் பெட்ரோலின் திறனுக்கான அளவு.) அவர் காரில் தேய்ந்திருந்தது, பிஸ்டனைச் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங். அதற்கு எந்தப் பெட்ரோலும் மருந்தில்லை. சத்தம் கேட்ட அன்றே வண்டியை நிறுத்தியிருந்தால் கிராங்க் ஷாஃப்டாவது தப்பியிருக்கும்.

சொல்லின் பிறப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கதவைத் தட்டுவதற்கான பழைய ஆங்கில வினை, ஓசையைப் போலச் செய்து பிறந்தது. ஒரு காலத்தில் முதலெழுத்து ககரத்தையும் சேர்த்தே உச்சரித்தார்கள். ஜெர்மானியரும் இதே பழுதைத் தட்டல் என்ற பொருளில்தான் குறிக்கிறார்கள். நம்மிடம் தட்டு என்ற வினை இருக்கிறது, தடதட என்ற ஒலிக்குறிப்பும் இருக்கிறது. அப்புறம் வெடிப்புக்கு ஏன் போனார்கள்?

டெட்டனேஷன் என்று இன்னொரு சொல்லும் இதற்கு உண்டு, அதை அகராதியில் பார்த்தால் வெடிப்பு என்று வரும், அங்கிருந்து எடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் தமிழில் வெடிப்பு என்றால் என்ன? சுவரில் வெடிப்பு, குதிகாலில் வெடிப்பு, வறண்ட நிலத்தில் வெடிப்பு. எல்லாம் விரிசல். "எந்திர வெடிப்பு" என்று படிக்கிறவர் இன்ஜின் பிளாக்கில் கீறல் விழுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டால் அது அவர் பிழையே இல்லை, தமிழ் அப்படித்தான் சொல்கிறது. இன்னொருவர் இன்ஜினே வெடித்துச் சிதறும் என்று பயப்படுவார். போதாததற்கு, பெட்ரோல் இன்ஜினில் இயல்பாக நடக்கும் எரிதலையே "பெட்ரோல் வெடித்து பிஸ்டனைத் தள்ளுகிறது" என்று நாமே தவறாகச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆக இயல்பான வேலைக்கும் வெடிப்பு, பழுதுக்கும் வெடிப்பு, விரிசலுக்கும் வெடிப்பு.

உண்மையில் நடப்பது இதுதான். ஸ்பார்க் பிளக்கில் பொறி விழுந்ததும் அங்கிருந்து தீ ஒரு முகமாகப் பரவுகிறது. அது போய்ச் சேருமுன், ஓரத்தில் எரியாமல் மீந்திருக்கும் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகவே மொத்தமாகப் பற்றிக்கொண்டால் அழுத்த அலைகள் எழுந்து சிலிண்டர் சுவரில் மோதி மோதித் திரும்புகின்றன. சாதாரணக் கார் சிலிண்டரில் அந்த அதிர்வு ஏறத்தாழ 6,000 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கும், அதனால்தான் தகரடப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் கேட்கிறது. சிலர் "உலோக மோதல்" என்றும் எழுதுகிறார்கள்; இங்கே எந்த இரும்பும் இன்னொரு இரும்பில் மோதவில்லை, அதனால் அதுவும் ஆகாது.

சரி, தட்டல் என்று மட்டும் சொன்னால் போதுமா? போதாது. என் உறவினர் மாட்டிக்கொண்டது அங்கேதான். ஆங்கிலத்தில் தீயால் வரும் சத்தத்துக்கும் பேரிங் தேய்ந்து வரும் சத்தத்துக்கும் நாக் என்ற ஒரே சொல் இருக்கிறது. அந்தக் குழப்பத்தை நாம் அப்படியே தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. முதலாவதைத் தீத்தட்டல் என்றும் இரண்டாவதைத் தேய்மானத் தட்டல் என்றும் பிரித்துவிடலாம். தீப்பொறி, தீக்குச்சி பழகின நாக்குக்குத் தீத்தட்டல் கடினமில்லை.

பிரித்துச் சொன்னாலே பாதிச் சோதனை முடிந்துவிடும். தீத்தட்டல் பெரும்பாலும் சுமை ஏறும்போது வரும்: மேட்டில், குறைந்த வேகத்தில் டாப் கியரில், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது. காலைத் தளர்த்தினால் அடங்கும். ஆக்டேன் குறைந்த பெட்ரோல், முந்திப்போன இக்னிஷன் டைமிங் (பொறி விழும் நேரம்), சிலிண்டருக்குள் படிந்த கரி, மிஞ்சிய சூடு ஆகியவற்றில் தேடவேண்டும். தேய்மானத் தட்டல் கனத்த சத்தம், இன்ஜின் சுற்றும் வேகத்தோடு கூடவே ஏறி இறங்கும். சந்தேகமான சிலிண்டரின் பொறியை மட்டும் துண்டித்துப் பார்த்து, சத்தம் சட்டென்று குறைந்தால் அந்த ராடின் பேரிங்கைப் பார்க்கவேண்டும், கூடவே ஆயில் அழுத்தத்தையும்.

தூய தமிழ் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் மெக்கானிக் "நாக்கிங்" என்று சொல்லும்போது அவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் எது என்று தெரிகிறது. பானெட்டைத் திறந்தே பார்க்காமல், சத்தத்தைக் கேட்காமல், அகராதியை மட்டும் திறந்து செய்த தமிழ்ச்சொல்லைவிட அந்தக் கடன்சொல் ஆயிரம் மடங்கு மேல். இதே ஆட்கள்தான் நாக் சென்ஸரைத் "தட்டும் உணரி" என்கிறார்கள். தட்டும் உணரி என்றால் தட்டுவது உணரியல்லவா? அது பிளாக்கின் அதிர்வை மின்குறியாக மாற்றிக் கணினிக்குச் சொல்வது, கணினி உடனே டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளும். தட்டல் உணரி என்று எழுத ஓரெழுத்துகூட அதிகமாகாது. அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லி நாக்கிங்கைத் தடுக்கும் என்று 1921இல் கண்டறிந்த ஈயச் சேர்மத்தை, பெட்ரோலில் கலந்து உலகமே பிறகு நஞ்சென்று கைவிட்டதை, "வெடிப்பு எதிர்ப்பான்" என்கிறார்கள். வெடிகுண்டுக்கு எதிரான பொருள் போலக் கேட்கிறது. தட்டல் தடுப்பான் என்றால் யாருக்கும் விளங்கும்.

"முன்வெடிப்பு" என்று எழுதுவோருக்கும் ஒன்று. பொறி விழுமுன்பே, பழுக்கக் காய்ந்த கரியோ பிளக் முனையோ கலவையைப் பற்றவைத்துவிடுவது வேறு பழுது. அதை முன்பற்றல் என்று சொல்லுங்கள். தீத்தட்டல் பொறி விழுந்த பிறகு வருவது.