இந்தியா போகும் முன் காசு மாற்றுவது: மலையகத்தவர்களுக்கு ஒரு விளக்கம்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்தில் பலருக்கு முதல் வெளிநாட்டுப் பயணம் தமிழ்நாடுதான். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியேறிய சொந்தங்களைப் பார்க்கப் போகிறார்கள். வேளாங்கண்ணிக்கும் சபரிமலைக்கும் போகிறார்கள். விசாவும் டிக்கட்டும் கைக்கு வந்ததும் அடுத்த கேள்வி, காசை எங்கே மாற்றுவது?

இதற்கான சட்டம் 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம். வெளிநாட்டுக் காசை வாங்கவும் விற்கவும் வங்கிகளுக்கும், மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் பெற்ற நாணயமாற்றுக் கடைகளுக்கும்தான் உரிமை உண்டு. அந்த அனுமதிப்பத்திரத்தைக் கடையில் எல்லோருக்கும் தெரியும்படி மாட்டி வைத்திருக்க வேண்டும். அனுமதி பெற்ற கடைகளின் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் இருக்கிறது. டவுனில் தெரிந்த கடைக்காரர், வேன்காரர், ஏஜென்ட் என்று யார் "நான் மாற்றித் தருகிறேன்" என்றாலும் அது சட்டத்துக்குப் புறம்பானதுதான். அவர் ஒரு ரூபாய் கூடுதலாகத் தருவார், சரி. ஆனால் அவர் தந்த தாள் கள்ளநோட்டு என்று தெரிய வந்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? கையில் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

முதலில் உங்கள் கணக்கு இருக்கிற வங்கியில் கேளுங்கள். பாஸ்போர்ட், விசா, டிக்கட் மூன்றையும் கொண்டுபோங்கள். இங்கே அமெரிக்க டொலர் வாங்கிக்கொண்டுபோய், அங்கே அதை இந்திய ரூபாயாக மாற்றிக்கொள்ளலாம். சிறிய கிளைகளில் டொலர் தாள் கையிருப்பில் இல்லாமல் இருக்கலாம். அதனால் சில நாட்களுக்கு முன்பே சொல்லி வைப்பது நல்லது. யாத்திரைக் குழுவாகப் போகும்போது எல்லோருடைய காசையும் ஒருவரே சேர்த்து மாற்றுகிற வழக்கம் உண்டு. அது வேண்டாம். அவரவர் பாஸ்போர்ட்டில் அவரவர் காசை மாற்றினால்தான் விமான நிலையத்தில் கேட்டால் பதில் சொல்ல முடியும்.

விலைப் பலகையில் இரண்டு விலை இருக்கும். நாம் டொலர் வாங்கும்போது நமக்குரியது வங்கியின் 'விற்கும் விலை'. மிஞ்சியதைத் திருப்பிக் கொடுக்கும்போது 'வாங்கும் விலை'. உதாரணத்துக்கு, விற்கும் விலை 300, வாங்கும் விலை 290 என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 டொலரை வாங்கி, செலவழிக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தாலும் 2,000 ரூபாய் போய்விடும். தோட்டத்துச் சம்பளத்தில் சேர்த்த காசுக்கு அது சின்ன நட்டமில்லை. தேவையான அளவுக்கு மட்டும் மாற்றுங்கள்.

கவுண்டரை விட்டு நகரும் முன் தாள்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஓரம் கிழிந்தது, பேனாவால் எழுதியது, முத்திரை குத்தியது இருந்தால் அங்கேயே மாற்றிக் கேளுங்கள். அப்படியான டொலரை இந்தியாவிலுள்ள நாணயமாற்றுக் கடைகள் மறுக்கலாம், அல்லது விலையைக் குறைக்கலாம். அப்புறம், பற்றுச்சீட்டை வாங்காமல் வராதீர்கள். காசு முறைப்படி வந்தது என்பதற்கு உங்களிடம் இருக்கிற அத்தாட்சி அதுதான். பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வையுங்கள்.

இலங்கை ரூபாயை மடியில் கட்டிக்கொண்டு போய் அங்கே மாற்றலாம் என்று நினைக்க வேண்டாம். 20,000 ரூபாய்க்கு மேல் இலங்கைத் தாள்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக்கூடாது. தமிழ்நாட்டில் அதை மாற்றுவதும் சிரமம், கிடைக்கிற விலையும் மோசம்.

இந்திய ரூபாயைக் கையில் கொண்டுபோவதற்கும் எல்லை உண்டு. இந்தியாவின் விதிப்படி நம்மைப் போன்ற வெளிநாட்டவர் 25,000 இந்திய ரூபாய் வரை கொண்டுபோகலாம், அதுவும் விமான நிலையம் வழியாக நுழைந்தால் மட்டுமே. காங்கேசன்துறையில் கப்பலேறி நாகப்பட்டினம் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு டொலர்தான் பாதுகாப்பு. முன்பு போய்வந்த யாராவது 2,000 ரூபாய் இந்தியத் தாள் கொடுத்தால் வாங்காதீர்கள். அதை 2023 மே மாதத்தில் இந்திய ரிசர்வ் வங்கி புழக்கத்திலிருந்து மீளப் பெறத் தொடங்கிவிட்டது, கடைகளில் வாங்க மறுப்பார்கள்.

5,000 அமெரிக்க டொலருக்கு மேல் தாளாக வைத்திருப்பவர்கள் இந்தியாவில் இறங்கியதும் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

திரும்பி வந்த பிறகு மிஞ்சிய டொலரை வங்கியில் விற்கலாம். அடுத்த பயணத்துக்கு வேண்டுமென்றால் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறந்து அதில் வைப்பிலிடுவது பற்றி வங்கியில் கேளுங்கள். வங்கி உங்களை அலைக்கழித்தால் முதலில் கிளை முகாமையாளரிடம் எழுத்தில் முறையிடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைக்கலாம்.