பெண்டிங்: நிலுவையா, காத்திருப்பா?

தில்லி ஜனக்புரியில் நம் தமிழ் வீடுகளில் நாள் முழுக்கப் புழங்கும் சொல் ‘பெண்டிங்’. பாஸ்போர்ட் பெண்டிங், ரீஃபண்ட் பெண்டிங். பக்கத்து விகாஸ்புரியில் மியான்மரிலிருந்து வந்த சின் இனக் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கிருந்து 17 வயதுப் பையன் ஒருவன் என்னிடம் கணக்குப் படிக்க வருகிறான். இந்தியாவில் புகலிடம் கேட்டு மனுப் போட்டிருப்பவன். “அந்தப் பிள்ளைக்கு ஏதாவது முடிவு வந்துதாம்மா?” என்று கீழ்வீட்டு மாமி கேட்பார். “இன்னும் பெண்டிங்தான் மாமி” என்பேன். ஒருநாள் அந்தச் சொல் எனக்கே உறுத்தியது.

அதன் வேர், ‘தொங்கு’ என்று பொருள்படும் லத்தீன் வினை. தமிழில் நேர்ச்சொல் நிலுவை, அடி ‘நில்’. கட்டாமல் நின்றுபோன பாக்கியும் நிலுவை, தீராமல் நிற்கும் வழக்கும் நிலுவை. நீதிமன்ற வாசலில் இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சொல் உண்டு: வாய்தா. அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. இங்கே தில்லித் தெருவில் ‘வாதா’ என்றால் இன்றும் வாக்குறுதி. நம்மிடம் வந்து அது தள்ளிவைப்பு ஆகிவிட்டது.

புகலிட விஷயத்தில் இந்தச் சொற்களின் கனம் வேறு. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. இலங்கைத் தமிழர், திபெத்தியர் விவகாரங்களை அரசே நேரடியாகப் பார்க்கிறது. மியான்மர், ஆப்கானிஸ்தான், சோமாலியாவிலிருந்து தில்லி வருவோர் ஐ.நா. அகதிகளுக்கான உயர் ஆணையத்தில் பதிகிறார்கள். முடிவு வரும்வரை கையில் இருப்பது, கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்று சொல்லும் ஒரு தாள்.

முதலில் கிடைத்த தாளின் நகலைப் பையன் இன்னும் வைத்திருக்கிறான். மடிப்பெல்லாம் செல்லோடேப். படத்தில் கன்னம் உப்பிய சின்னப் பிள்ளை. எதிரில் உட்கார்ந்திருப்பவனுக்கு மீசை அரும்பிவிட்டது. கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயதுவரைதான் கைகொடுக்கும். அதன்பின் அவன் போய் நின்ற பள்ளியில் ஆதார் கேட்டார்கள். அந்த வருஷம் போயிற்று. 18 முடிந்தால் சிறார் என்ற காப்பும் போய்விடும். பெரியவர்களுக்கு ஒரு வருஷம் எப்படியோ ஓடிவிடும். இவனுக்கு அது ஒரு வகுப்பு.

சில செய்திகளில் ‘நிலுவையில் உள்ள அகதிகள்’ என்று எழுதுகிறார்கள். இரண்டு பிழை. முடிவு வராதவரை அவர் ‘புகலிடம் கோருபவர்’. (புகு, புகல், புகலிடம்: உள்ளே வரச்சொல்லும் சொல்.) நிலுவையில் இருப்பது மனு, ஆள் இல்லை. மனு நிற்கலாம், வயது நிற்காது. ஆளுக்குக் ‘காத்திருப்பவர்’ என்பதே சரி.

போன வாரம் மாமி கேட்டபோது, “இன்னும் காத்திட்டிருக்கான் மாமி” என்றேன்.

“எத்தனை வருஷமா?” என்றார் உடனே. பெண்டிங் என்று சொன்ன நாட்களில் அவர் இதைக் கேட்டதே இல்லை.